28 மி.மீ. என்று வாங்கிய உருவங்கள் சேரவில்லையா? பியூனிக் போர்ப் படைகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பியூனிக் போர்கள் என்பவை ரோமும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜும் மோதியவை. மேசைப் போர் விளையாட்டுக்காக ரோமக் குடியரசின் படையையோ ஹன்னிபாலின் கார்த்தேஜ் படையையோ திரட்டுபவர்கள் எல்லா உருவங்களையும் ஒரே நிறுவனத்திடமிருந்து வாங்குவது அரிது. காலாட்படை விக்ட்ரிக்ஸின் பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து வரும். தளபதி அவென்டைனின் உலோக வார்ப்பாக இருப்பார். வட ஆப்பிரிக்காவின் நுமிடியக் குதிரை வீரர்கள் யாரோ கைமாற்றிய பழைய தொகுப்பில் கிடைத்திருப்பார்கள். பெட்டிகள் அனைத்திலும் உருவத்தின் உயரம் 28 மி.மீ. என்றே அச்சிட்டிருந்தாலும், ஒரே வரிசையில் நிறுத்தும்போதுதான் பொருத்தமின்மை வெளிப்படும். கீழே உங்கள் அறிகுறியைத் தேடி, நேராக அந்தத் தலைப்புக்குச் செல்லலாம். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்தது கடைசியிலும் உள்ளன.

தேவைப்படும் கருவிகள்: ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு சிறிய அரம், ஒட்டிப் பிரிக்கக்கூடிய ப்ளூ டாக், ஒரு கிண்ணம் தண்ணீர். இவற்றோடு, உங்கள் படையில் எண்ணிக்கையில் பெரிய பிரிவிலிருந்து நிமிர்ந்து நிற்கும் வண்ணம் பூசாத ஒரு வீரனை எடுத்துத் தனியே வையுங்கள். இனி எதை ஒப்பிட்டாலும் அவனோடுதான் ஒப்பிட வேண்டும்.

## அறிகுறி 1: ஒரே வரிசையில் ஒருவன் மற்றவர்களைவிட உயரமாகத் தெரிகிறான்

முதலில் பார்க்க வேண்டியது, காலடித் தட்டு. உலோக வார்ப்புகளில் காலுக்குக் கீழே ஒரு தட்டு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். அது 2 மி.மீ. தடிமன்கூட இருக்கலாம். பிளாஸ்டிக் உருவங்களில் அது மிக மெல்லியதாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. இரண்டையும் ஒரே அடித்தட்டில் ஒட்டினால் உலோக வீரன் படிக்கட்டில் ஏறி நிற்பதுபோல் தோன்றுவான். தட்டை அரத்தால் தேய்த்துக் குறைக்கலாம். அதைவிட எளிது, குட்டையானவனின் காலுக்குக் கீழே அட்டைத்துண்டு ஒன்றை ஒட்டி, மேலே மணலும் புல்லும் தூவி மறைத்துவிடுவது. உயரக் குறை என்று என்னிடம் காட்டப்படும் உருவங்களில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே சரியாகிவிடுகின்றன.

அடுத்தது, தலைக்கவசத்தின் இறகுகள். ஹஸ்தாத்தி என்னும் ரோம முன்வரிசை வீரர்கள் ஏறத்தாழ ஒரு முழ உயரமுள்ள மூன்று இறகுகளைத் தலைக்கவசத்தில் செருகியிருந்தார்கள் என்றும், அதனால் வீரன் தன் உண்மையான உயரத்தைப்போல் இருமடங்காகத் தோன்றினான் என்றும் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். 28 மி.மீ. அளவில் ஒரு முழம் என்பது ஏறத்தாழ 8 மி.மீ. ஆகும். எதிரியை மிரட்டச் செருகிய இறகு நம் கண்ணையும் ஏமாற்றுகிறது. ஆகவே தலை உச்சியை அளவுக்கு எடுத்துக்கொள்ளாமல், உள்ளங்காலிலிருந்து கண் மட்டம் வரை அளக்க வேண்டும். குனிந்தோ கால்களை அகட்டியோ நிற்பவனை அளப்பதில் பயனில்லை. அதே பெட்டியிலிருந்து நேராக நிற்பவன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணம், உண்மையிலேயே அளவு வேறு. பெட்டியில் உள்ள எண்ணை நம்பிப் பயனில்லை. சில நிறுவனங்கள் கண் மட்டம் வரையும், சில உச்சந்தலை வரையும் அளக்கின்றன. பழைய 25 மி.மீ. வார்ப்புகள் காலப்போக்கில் 28 ஆகவும், 15 மி.மீ. வார்ப்புகள் 18 ஆகவும் வளர்ந்துவிட்டதும் இந்தத் துறையில் எல்லோரும் அறிந்ததே. கண் மட்ட வேறுபாடு 1 மி.மீ.க்குள் இருந்தால் ஒரே பிரிவில் கலக்கலாம். மனிதர்கள் எல்லோரும் ஒரே உயரமா என்ன? 2 மி.மீ. என்றால் ஒரே படையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தனிப் பிரிவாக நிறுத்த வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் போனால் அவர்களை எதிர்ப்படைக்கு அனுப்பிவிடுவதே நல்லது. கால்களை வெட்டி நடுவே துண்டு செருகி உயர்த்தும் வேலையை வீட்டில் தொடங்க வேண்டாம். தளபதி போன்ற அருமையான ஒற்றை உருவத்துக்கு மட்டும், உருவமாற்றத்தில் தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்துச் செய்விக்கலாம்.

## அறிகுறி 2: உயரம் சரி, ஆனால் ஒருவன் பருமனாகவும் மற்றவன் ஒல்லியாகவும் இருக்கிறான்

கண் மட்டம் ஒத்துப்போன பிறகும் உறுத்தல் தீரவில்லையென்றால் தலையையும் கையையும் கணுக்காலையும் பாருங்கள். அண்மைக் காலப் பிளாஸ்டிக் உருவங்கள் மனித உடலின் விகிதத்தை ஒட்டியவை. பழைய உலோக வார்ப்புகளில், மேசையின் மறுகோடியிலிருந்து பார்ப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவும், அச்சிலிருந்து உடையாமல் வெளிவர வேண்டும் என்பதற்காகவும் தலையும் முஷ்டியும் பெரிதாக்கப்பட்டிருக்கும். உயர வேறுபாட்டை மன்னிக்கும் கண் தலை வேறுபாட்டை மன்னிப்பதில்லை.

இருவரின் தலைகளையும் தாடையிலிருந்து புருவம் வரை அளந்து ஒப்பிடுங்கள். தலைக்கவசத்தைச் சேர்க்க வேண்டாம். வேறுபாடு அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால், இருவருக்கும் ஒரே தோல் நிறம், ஒரே ஆடை நிறம், ஒரே வகைக் கேடயம் கொடுத்தாலே போதும். ஒரே நிறத்தில் நிற்கும் வரிசையில் பருமன் கரைந்துவிடும். அதற்கு மேல் என்றால், பிளாஸ்டிக் ஸ்ப்ரூவில் (உறுப்புகள் ஒட்டியபடி வரும் சட்டத்தில்) மிஞ்சும் தலைகளை எடுத்து உலோக வீரனின் கழுத்தில் பொருத்தலாம். பழைய தலையை வெட்டி, கழுத்தில் கைத் துளைப்பானால் துளையிட்டு, மெல்லிய கம்பியை ஊன்றி, சூப்பர் க்ளூவால் ஒட்டி, இடைவெளியை எம்-சீலால் நிரப்ப வேண்டும். ஒரு பிரிவில் நான்கைந்து பேருக்குச் செய்யத்தக்க வேலை இது. நாற்பது பேருக்குச் செய்ய வேண்டியிருந்தால், அவர்களை விற்றுவிட்டுப் பொருத்தமான பெட்டியை வாங்குவதே நேரத்திலும் பணத்திலும் மலிவு.

பருமனான உலோக வீரர்களுக்கு ஓர் இயல்பான இடம் உண்டு. அவர்களை வேலித்தெஸ் என்னும் இலகு வீரர்களாகவோ கால் (Gaul) இனத்து வீரர்களாகவோ தனி அடித்தட்டில் பிரித்து முன்னே நிறுத்தினால், அருகருகே ஒப்பிடும் வாய்ப்பே எழாது.

## அறிகுறி 3: கேடயமும் ஈட்டியும் பொருந்தவில்லை

கேடயம். ரோமக் காலாட்படையின் நீள்வட்டக் கேடயம் 2½ அடி அகலமும் 4 அடி நீளமும் கொண்டது என்கிறார் பொலிபியஸ். 28 மி.மீ. அளவில் இது ஏறத்தாழ 13 மி.மீ. அகலம், 21 மி.மீ. நீளம், 1/72 அளவில் ஏறத்தாழ 10-க்கு 16, 15 மி.மீ. அளவில் 7½-க்கு 12. கேடயத்தைக் காலிப்பரில் வைத்துப் பாருங்கள். ஒரே வரிசையில் இரண்டு நிறுவனங்களின் கேடயங்கள் வேறுபட்டால், குறைந்த எண்ணிக்கையில் உள்ளவற்றைக் கழற்றிவிட்டு எல்லோருக்கும் ஒரே கேடயம் மாட்டுவதுதான் தீர்வு. என் அனுபவத்தில், வேறு எந்தத் திருத்தத்தையும்விட இது ஒன்றே கலப்புப் பிரிவை ஒரே பிரிவாகக் காட்டுகிறது, ஏனென்றால் எதிரே நிற்பவருக்குக் கண்ணில் படுவது கேடயச் சுவர்தான். அதன் பின்னால் நிற்பவன் எந்தப் பெட்டியிலிருந்து வந்தான் என்பதை அவர் பார்ப்பதில்லை. கையோடு சேர்த்து வார்க்கப்பட்ட கேடயமாக இருந்தால் கழற்ற முற்பட வேண்டாம், கை உடையும்.

ஈட்டி. வார்ப்பு ஈட்டிகள் தடிமனாக இருக்கும், வளையும், ஒரு நாள் முறியும். ஒரு பிரிவினர் தூண் போன்ற ஈட்டியையும் மற்றொரு பிரிவினர் ஊசி போன்ற ஈட்டியையும் ஏந்தியிருந்தால், எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஒரே தடிமனுள்ள எஃகுக் கம்பியைப் பொருத்துங்கள். ரோமரின் ‘பீலும்’ என்னும் எறிவேல் ஏறத்தாழ 2 மீட்டர், அதாவது 28 மி.மீ. அளவில் 36 மி.மீ. அடுத்த போருக்கு மாசிடோனியரையும் திரட்டுவதாக இருந்தால் அவர்களுடைய நீள் ஈட்டிக்கு 5½ மீட்டர் என்று கொண்டு 98 மி.மீ. கம்பி வெட்ட வேண்டும், 15 மி.மீ. அளவுக்கு 55 போதும். முனை கூர்மையாக இருக்கும் கம்பி விரலைக் குத்தும் என்பதால் சிறுவர்கள் ஆடும் மேசைக்கு நைலான் துடைப்பக் குச்சியே ஏற்றது.

## அறிகுறி 4: குதிரை வீரர்களும் யானைகளும் உறுத்துகின்றன

குதிரையின் தலையை அளக்காதீர்கள். தோள் மேடு வரை அளக்க வேண்டும். அக்காலத்துப் போர்க்குதிரைகள் இன்றைய பந்தயக் குதிரைகளைவிடச் சிறியவை. தோள் உயரம் 1.40 மீட்டர் என்று கொண்டால் 28 மி.மீ. அளவில் அது 25 மி.மீ. ஆகும். நுமிடியக் குதிரைகள் இன்னும் சிறியவை. அவற்றுக்கு 23 மி.மீ. போதும். ஆகவே நுமிடியரின் குதிரை ரோமரின் குதிரையைவிடச் சிறியதாக இருந்தால் அதைத் திருத்த வேண்டியதில்லை.

திருத்த வேண்டியது, வீரன் குதிரையில் சரியாக அமராமல் மிதக்கும்போது. காரணம் பெரும்பாலும் வீரனும் குதிரையும் வெவ்வேறு நிறுவனத்தாருடையவர்களாக இருப்பதுதான். உலோகமென்றால் கால்களை மெதுவாக அகட்டலாம், உட்புறத் தொடையை அரத்தால் தேய்க்கலாம், எஞ்சிய இடைவெளியை எம்-சீலால் நிரப்பிப் போர்வை போல் வடிக்கலாம். அப்படியும் அமரவில்லையென்றால் வீரனுக்கு ஏற்ற குதிரையை அதே நிறுவனத்திடம் தனியாக வாங்குங்கள். இத்தருணத்தில் பாதங்களையும் பார்த்துவிடுங்கள்: அங்கவடி இருந்தால் அந்த உருவம் இடைக்காலத் தொகுப்பிலிருந்து வந்தது. பியூனிக் போர்களில் ரோமரிடமோ கார்த்தேஜியரிடமோ அங்கவடி கிடையாது. நுமிடியரிடம் சேணமும் கடிவாளமும்கூடக் கிடையாது. சேணத்தோடு வந்த நுமிடியன் அடையாளம் மாறி வந்தவன்.

யானை. கோவில் யானையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கார்த்தேஜ் படைக்கு வாங்கிய ஆப்பிரிக்க யானை சிறிதாகத் தோன்றும். அது பிழையன்று. கார்த்தேஜ் பழக்கியது வட ஆப்பிரிக்காவின் சிறிய இனத்து யானையை. தோள் உயரம் ஏறத்தாழ 2.4 மீட்டர் எனக் கொண்டால் 28 மி.மீ. அளவில் 43 மி.மீ. மட்டுமே. கி.மு. 217-இல் ராஃபியாப் போரில் எகிப்திய மன்னர் தாலமியின் 73 ஆப்பிரிக்க யானைகளில் பெரும்பாலானவை சிரிய மன்னர் அந்தியோக்கஸின் 102 இந்திய யானைகளின் பருமனையும் பிளிறலையும் கண்டு மிரண்டன என்று பொலிபியஸ் சொல்கிறார். ஆகவே இன்றைய பெரிய ஆப்பிரிக்க யானை பொம்மையை அப்படியே கொண்டுவந்து நிறுத்தினால் அளவு தவறிவிடும். அகன்ற காதும் குழிந்த முதுகும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். தவறி இந்திய யானை ஒன்றை வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு: கார்த்தேஜ் படையில் மிக வீரமாகப் போரிட்ட யானை சூரஸ் என்ற பெயருடையது, அதன் தந்தம் ஒன்று உடைந்திருந்தது என்று ரோம எழுத்தாளர் கேட்டோ எழுதியதாகச் செய்தி உள்ளது, சூரஸ் என்றால் சிரியாக்காரன் என்பதால் அது சிரியா வழியாக வந்த இந்திய யானை என்று பலர் கருதுகிறார்கள். ஒரு தந்தத்தை வெட்டிவிட்டால் ஒன்றுக்கு இடம் கிடைத்துவிடும்; மூன்று யானைகளுக்கு இந்தச் சாக்கு செல்லாது.

## அறிகுறி 5: பசை ஒட்டவில்லை, அல்லது வண்ணம் உரிகிறது

உருவம் எந்தப் பொருளால் ஆனது என்று தெரியாமல் பசை வாங்குவதே இங்கு முதல் காரணம். சந்தேகம் இருந்தால் ஸ்ப்ரூவிலிருந்து ஒரு துண்டை வெட்டி, காற்றுக்குமிழி ஒட்டாதபடி தண்ணீரில் அமிழ்த்திவிட்டு விடுங்கள்.

*மிதந்தால்* அது பாலிஎத்திலீன், அதாவது 1/72 அளவுப் பெட்டிகள் பலவற்றில் வரும் வளையும் மென்பிளாஸ்டிக். பிளாஸ்டிக் சிமெண்ட் அதில் வேலை செய்யாது. சூப்பர் க்ளூவும் நெடுநாள் பிடிக்காது. உறுப்புகளை மாற்ற வேண்டுமானால் கம்பி ஊன்றித்தான் மாற்ற வேண்டும். வண்ணம் உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பல் துலக்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்தி, பிரைமர் பூசி, வண்ணம் முடிந்ததும் நீர்த்த ஃபெவிகாலை மெல்லியதாக ஒருமுறை பூசுங்கள். கோணிப்போன ஈட்டியை வெந்நீரில் தோய்த்து நிமிர்த்தி உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் நிமிர்ந்தபடி நிற்கும்.

*மூழ்கினால், கத்தியால் சீவும்போது சுருள் சுருளாக வந்தால்* பெரும்பாலும் பாலிஸ்டைரீன். பிளாஸ்டிக் சிமெண்ட் இரண்டு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கும். *மூழ்கி, சீவும்போது பொடியாக உதிர்ந்தால்* ரெசின். அதற்கும் உலோகத்துக்கும் சூப்பர் க்ளூதான்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் வார்னிஷைத் தெளித்து வெண்படலம் படிந்துவிட்டால் அது பசையின் குற்றமன்று, காற்றின் ஈரம். தூரிகையால் பூசும் வார்னிஷுக்கு மாறுங்கள்.

## அறிகுறி 6: முப்பரிமாண அச்சில் எடுத்த உருவம் அளவில் பொருந்துகிறது, ஆனால் உடைகிறது

32 மி.மீ. கணினிக் கோப்பு (file) ஒன்றை 28-க்குக் குறைக்க 87.5 விழுக்காடு என்று இடுகிறோம். உயரம் சரியாக வருகிறது. ஆனால் ஈட்டியும் கணுக்காலும் அதே விழுக்காட்டில் மெலிந்துபோகின்றன. 28 மி.மீ. கோப்பு ஒன்றை 15-க்குக் குறைத்தால் 1 மி.மீ. ஈட்டி ஏறத்தாழ அரை மி.மீ. ஆகி, தொட்டாலே ஒடியும். முதலில் ஈட்டிகளை மட்டும் கம்பியாக மாற்றிப் பாருங்கள். கணுக்கால் ஒடிகிறதென்றால் வளையும் தன்மையுள்ள ரெசினைச் சிறிது கலந்து அச்சிடச் சொல்லலாம். அதுவும் போதாதென்றால் அந்த அளவுக்கென்றே வடித்த கோப்பு ஒன்றை வாங்க வேண்டும். மேற்பரப்பு பிசுபிசுவென்று இருந்தால் ரெசின் முழுமையாகக் கெட்டிப்படவில்லை என்று பொருள். கையுறையின்றித் தொடாமல், அச்சிட்டுக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துக் கழுவிப் புற ஊதா ஒளியில் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

## அறிகுறி 7: வீரர்கள் அடித்தட்டில் அடங்கவில்லை, அல்லது எதிர்ப்படையின் தட்டுகளோடு நேர்படவில்லை

டி.பி.ஏ. (De Bellis Antiquitatis) போன்ற பண்டைக்காலப் போர் விளையாட்டு விதிமுறைகளில் 25, 28 மி.மீ. உருவங்களுக்கு அடித்தட்டின் முன்பக்கம் 60 மி.மீ., 15 மி.மீ. உருவங்களுக்கு 40 மி.மீ. கனரகக் காலாட்படையினர் நால்வர் ஒரு தட்டில் நிற்க வேண்டும். ஆளுக்கு 15 மி.மீ. கிடைக்கும். கேடயம் 13 மி.மீ. என்று மேலே சொன்னது இங்கே பயன்படுகிறது. அதை 16 மி.மீ.க்கு வடித்திருந்தால் நால்வர் நிற்கவே முடியாது. வாங்குவதற்கு முன் கேடய அகலத்தைக் கேட்டறிவது உயரத்தைக் கேட்டறிவதைவிட முக்கியம் என்பது என் கருத்து.

ஒட்டுவதற்கு முன் ப்ளூ டாக்கில் நிறுத்திப் பாருங்கள். முட்டினால், வேல் எறியக் கையை விரித்தவர்களை ஓரங்களுக்கு மாற்றுங்கள். நிமிர்ந்து நிற்பவர்களை நடுவில் விடுங்கள். அப்படியும் முட்டினால் இருவரைச் சற்று முன்னும் இருவரைச் சற்றுப் பின்னுமாக நிறுத்துங்கள். ஏற்கெனவே வேறு அளவுத் தட்டில் ஒட்டிவிட்டிருந்தால் பெயர்க்க வேண்டாம். தேவையான அளவில் மரப்பலகையோ அட்டையோ வெட்டி, அதன்மேல் தட்டுகளை வைத்து நகர்த்தினால் பெரும்பாலான எதிராளிகள் ஏற்றுக்கொள்வார்கள். முழுப் படையையும் பெயர்த்து ஒட்டுவது கடைசி வழி. வண்ணம் தீட்டிய பிளாஸ்டிக் கணுக்கால்கள் அதில் கட்டாயம் சில உடையும்.

## அறிகுறி 8: எல்லாம் அளவில் பொருந்துகிறது, ஆனால் காலம் பொருந்தவில்லை

கி.மு. 216-இன் கன்னேப் போருக்குத் திரட்டிய ரோமரில் ஒருவன் தகட்டுப் பட்டைக் கவசம் அணிந்திருந்தால் அவன் இரண்டு நூற்றாண்டுகள் பின்னால் வந்தவன். செவ்வகக் கேடயமும் அப்படித்தான். குடியரசுக் காலத்து வீரனுக்கு நடுவில் முதுகெலும்பு போன்ற புடைப்புள்ள நீள்வட்டக் கேடயம், குமிழ் வைத்த மொன்டெஃபோர்டினோ தலைக்கவசம், மார்பில் சிறிய வெண்கலத் தகடு அல்லது சங்கிலிக் கவசம். பத்தாயிரம் திராக்மாவுக்கு மேல் சொத்துடையவர்களே சங்கிலிக் கவசம் அணிந்தார்கள் என்பதால் எல்லோருக்கும் அதை மாட்ட வேண்டாம். திரியாரி என்னும் மூன்றாம் வரிசையில் எறிவேல் ஏந்தியவன் இருந்தால் நீள் ஈட்டிக்கு மாற்றுங்கள்.

கூடுதலாக வாங்கிவிட்ட ரோமரை வீணாக்கத் தேவையில்லை. கி.மு. 217-இல் திரசிமீன் ஏரிப் போருக்குப் பிறகு ஹன்னிபால் தம் லிபிய வீரர்களுக்கு ரோமரிடம் கைப்பற்றிய படைக்கலங்களை அணிவித்தார். கன்னேயில் அவர்களைப் பார்த்தால் ரோமர் என்றே தோன்றியது. எஞ்சிய ரோம உருவங்களின் தோல் நிறத்தையும் ஆடை நிறத்தையும் மாற்றிக் கார்த்தேஜ் பக்கம் நிறுத்தினால் வரலாறும் கெடாது, பணமும் வீணாகாது. அங்கேயே ஸ்பானியருக்குச் சிவப்பூதாக் கரையிட்ட லினன் துணிச் சட்டை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

## அறிகுறி 9: பழைய உலோக உருவங்களில் வெண்பொடி படிகிறது

இது வண்ணம் உரிவதன்று. ஈயம் மிகுந்த பழைய வார்ப்புகள் அமில ஆவியால் அரிபடுகின்றன. ஓக் மரப் பெட்டி, எம்.டி.எஃப். அலமாரி, வினிகர் வாடை வீசும் சிலிகான் ஆகியவை இருக்கும் மூடிய இடத்தில் இது விரைவாக நிகழும். கேடயத்தின் உட்புறத்தையும் காலடித் தட்டையும் உருப்பெருக்கியில் பாருங்கள். முதலில் அங்கேதான் தொடங்கும். பாதிக்கப்பட்டவற்றை உடனே பிரித்து, காற்றோட்டமுள்ள வேறு பெட்டிக்கு மாற்றி, முகக்கவசமும் கையுறையும் அணிந்து ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்தால் ஈயத்தூள் காற்றில் கலக்கும் என்பதால் அரத்தைத் தொட வேண்டாம்; பொடி கண்ட உருவங்களைச் சமையலறையிலோ குழந்தைகள் கையெட்டும் இடத்திலோ வைக்கவும் வேண்டாம், உருக்கி மறுவார்ப்பு செய்யவும் வேண்டாம். விரல் நகம் பட்டால் உதிரும் அளவுக்குப் போனவை திரும்பா. அவற்றை உறையிலிட்டு மூடி, ஊரில் அபாயக் கழிவு பெறும் ஏற்பாடு இருந்தால் அங்கே ஒப்படையுங்கள். விலைமதிப்புள்ள பழைய தொகுப்பாக இருந்தால் கை வைப்பதற்கு முன்பே அருங்காட்சியக உலோகப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள்.